கொடிவழியில் விடுபட்டவர்கள்

மனநோய்க் காப்பகங்களில் காலம் கழித்த முன்னோரை ஆவணங்களில் தேடும் முறை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1846 முதல் மனநோய்க் காப்பகங்களில் சேர்க்கப்பட்டவர்களின் பெயர்கள் காப்பகங்களைக் கண்காணித்த, லண்டனில் இருந்த லூனசி கமிஷனர்கள் அலுவலகத்தின் பேரேடுகளில் ஏறின. பெயர், ஆணா பெண்ணா, எந்தக் காப்பகம், சேர்ந்த தேதி, வெளியேறிய அல்லது இறந்த தேதி என்று ஆளுக்கு ஒரு வரி. 1846 முதல் 1960 வரை நீளும் இந்தப் பேரேடுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்.எச். 94 என்ற வரிசையில் இருக்கின்றன. முன்னோரைத் தேடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் இந்தப் பக்கம் வருவதில்லை. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்த கொள்ளுத்தாத்தாவின் தங்கை 1891-ல் வீட்டில் இல்லை, கல்யாணப் பதிவும் இல்லை, சாவுப் பதிவும் இல்லை என்று முட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் வருகிறார்கள்.

அப்படிக் காணாமல் போனவரைப் பற்றி வீட்டில் ஒரு கதை சொல்லிவைத்திருப்பார்கள். கனடாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார் என்றோ, சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள் என்றோ அந்தக் கதை இருக்கும். இந்த மறைப்புக்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. 19-ம் நூற்றாண்டு மருத்துவம் மனநோயைப் பெரும்பாலும் பரம்பரைக் கோளாறாகவே பார்த்தது. காப்பகத்தில் சேர்க்கும் படிவத்திலேயே, நெருங்கிய உறவினர் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்ற கேள்வி உண்டு. ஆம் என்று எழுதினால் மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்குப் பெண் எடுக்கவும் கொடுக்கவும் ஆள் வரமாட்டார்கள். அதனால் ஒருவரை உள்ளே அனுப்பிய குடும்பம், அவர் இருந்ததற்கான சுவட்டையே அழித்துவிடுவது நடந்தது. படங்கள் கிழிந்தன, கடிதங்கள் அடுப்புக்குப் போயின, குடும்ப பைபிளில் எழுதிய பெயர் அடிக்கப்பட்டது. வீட்டில் அழிந்ததை அரசாங்கத்தின் காகிதம் காப்பாற்றி வைத்திருக்கிறது. இந்தத் தேடல் இன்று நடக்க முடிவதற்கு அதுவே காரணம்.

சட்டம் கட்டிய சுவர்கள்

லண்டனின் பெத்லெம் மருத்துவமனை 1247-ல் ஒரு மடமாகத் தொடங்கியது. அதன் நோயாளர் சேர்க்கைப் பதிவேடுகள் 1683 முதலே கிடைக்கின்றன. ஆனால் சாதாரணக் குடும்பங்களின் முன்னோர் பெருவாரியாகப் பதிவேடுகளில் வரத் தொடங்கியது 19-ம் நூற்றாண்டில்தான். 1808-ம் ஆண்டுச் சட்டம் கவுண்டி எனப்படும் ஒவ்வொரு மாவட்டமும் பொதுச்செலவில் காப்பகம் கட்டிக்கொள்ளலாம் என்றது. கட்டியே ஆக வேண்டும் என்று சொல்லாததால் சில கவுண்டிகள் மட்டுமே முன்வந்தன. யார்க்ஷயரின் வேக்ஃபீல்டில் 1818-லும், லண்டனை அடுத்த ஹான்வெல்லில் 1831-லும் பெரிய காப்பகங்கள் திறக்கப்பட்டன. 1845-ல் வந்த சட்டங்கள் காப்பகம் கட்டுவதைக் கட்டாயமாக்கின. கண்காணிக்க லூனசி கமிஷனர்கள் என்ற நிரந்தர அமைப்பும் வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது வீக்கம். 1850-ல் கவுண்டிக் காப்பகங்களில் ஏறக்குறைய 7,000 பேர் இருந்தனர். 1900-ல் 74,000 பேர். 1851-ல் திறந்த கோல்னி ஹாட்ச் காப்பகத்துக்கு விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட்டே வந்து அடிக்கல் நாட்டினார். நாட்டுக்கே பெருமையாகக் காட்டப்பட்ட அந்தக் கட்டடத்தின் ஒரு தற்காலிகக் கொட்டகையில் 1903 ஜனவரியில் தீப்பிடித்து 50-க்கும் மேற்பட்ட பெண் நோயாளிகள் கருகி இறந்தார்கள்.

இந்த வீக்கம் ஆவணங்களிலும் தெரியும். 1850-களில் ஒரு நோயாளிக்கு மூன்று நான்கு பக்கம் எழுதிய மருத்துவர், 1890-களில் ஆயிரம் பேரைப் பார்க்க வேண்டியிருந்ததால் மூன்று நான்கு வரியில் முடித்தார். பிந்தைய காலக் குறிப்பேட்டைத் திறப்பவர்கள் அதிக எதிர்பார்ப்பு வைத்துக்கொள்ளக் கூடாது.

நூல் பிடிக்கும் இடம்

கியூவில் உள்ள ஒற்றை வரி, ஆள் எந்தக் காப்பகத்தில் இருந்தார் என்பதை மட்டுமே சொல்லும். அவருடைய வாழ்க்கை அந்தக் கவுண்டியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கோல்னி ஹாட்ச் என்றால் முன்பு லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆவணக் காப்பகம் எனப்பட்ட லண்டன் ஆவணக் காப்பகம், வேக்ஃபீல்ட் என்றால் மேற்கு யார்க்ஷயர் ஆவணச் சேவை. யார்க் நகரில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1796-ல் தொடங்கிய ரிட்ரீட், ஸ்காட்லாந்தில் டம்ஃப்ரீஸின் கிரைட்டன் ராயல், சசெக்ஸின் டைஸ்ஹர்ஸ்ட் ஆகியவற்றின் பழைய ஏடுகளை லண்டனின் வெல்கம் நூலகம் மின்படங்களாக்கி இலவசமாகப் படிக்கத் தந்திருக்கிறது. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம் இருந்ததால் 1858 முதல் தனிப் பொதுப் பேரேடு உண்டு. அது எடின்பரோவில் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் நேராகக் காப்பகத்துக்குப் போனவர்கள் இல்லை. முதலில் ஒர்க்ஹவுஸ். வழியற்றவர்களிடம் வேலை வாங்கிக்கொண்டு கஞ்சி ஊற்றிய பொது விடுதி அது. அங்கே அடங்காதவர்களை, தூங்கவிடாமல் கத்துகிறவர்களை, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்களை ரிலீவிங் ஆபீசர் என்ற அதிகாரி காப்பகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு ஏழை நோயாளிக்கும் வாராவாரம் கட்டணம் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டணத்தை எந்த ஊர் கட்டுவது என்று ஊர்களுக்குள் ஓயாத வழக்கு. இந்த வழக்குதான் ஆராய்கிறவருக்குப் புதையல். நோயாளி எங்கே பிறந்தார், யாரிடம் எத்தனை வருடம் வேலை பார்த்தார், எந்தத் தெருவில் என்ன வாடகைக்குக் குடியிருந்தார் என்றெல்லாம் சத்தியம் செய்து சொன்ன வாக்குமூலங்கள் அதில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலியாளின் முழு வாழ்க்கை வேறு எந்த அரசுக் காகிதத்திலும் இவ்வளவு விரிவாகக் கிடைக்காது.

கணக்கெடுப்புத் தாள்களில் 1851 முதல் இருந்த உடற்குறைப் பத்தியில் 1871-ல் மனக்குறையும் சேர்ந்தது. வீட்டோடு இருந்தவருக்கு எதிரே அதில் 'லூனாட்டிக்' என்றோ 'இம்பெசைல்' என்றோ எழுதியிருக்கலாம். காப்பகத்தில் எடுத்த கணக்கில் நோயாளிகளின் முழுப்பெயர் எழுதாமல் முதலெழுத்துகள் மட்டும் எழுதிய இடங்கள் பல. அங்கே வயது, தொழில், பிறந்த ஊர் மூன்றையும் பொருத்தித்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை இது. 'எம். டி., 43, கைம்பெண், தையல், நார்ஃபோக்' என்ற ஒரு வரியில் தன் பாட்டியின் அத்தையை அடையாளம் காண்பது, பிறப்புப் பதிவைத் தேடி வைத்திருப்பவரால் மட்டுமே முடியும்.

சாப்ளின் வீட்டுக் கதை

ஒர்க்ஹவுஸ் பதிவேடும் காப்பக ஏடும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் கதையை எப்படிச் சொல்லும் என்பதற்குச் சார்லி சாப்ளினின் வீடே சாட்சி. அவருடைய தாய் ஹன்னா மேடைப் பாடகி. குரல் போய், கணவரைப் பிரிந்து, தையல் வேலையில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். 1896-ல் மூவரும் லண்டனில் ஒர்க்ஹவுஸில் சேர்ந்தார்கள். 1898 செப்டம்பரில் ஹன்னா கேன் ஹில் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார். சில வாரங்களில் வெளியே வந்தார்.

1903 மே மாதம் மறுபடியும் புத்தி பேதலித்தது. சாப்ளினுக்கு அப்போது வயது 14. அண்ணன் சிட்னி கப்பல் வேலைக்குப் போயிருந்தான். தாயைக் கைபிடித்து லாம்பெத் மருத்துவமனைக்கு நடத்திக் கூட்டிப் போனது அந்தப் பையன்தான். மருத்துவச் சான்றில், பிறர் தெரிவித்த விவரங்கள் என்ற பகுதியில் மகன் சொன்னவை பதிவாகியிருக்கின்றன: அம்மா செத்துப்போனவர்களின் பெயர்களைச் சொல்கிறாள், அவர்கள் சன்னலில் நின்று பார்ப்பதாக நினைக்கிறாள் என்பது அதன் சாரம். பிற்காலத்தில் உலகத்தையே சிரிக்கவைத்த ஒருவரைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று, தன் தாயைப் பைத்தியம் என்று சான்றளிக்க அவர் கொடுத்த வாக்குமூலம்.

ஹன்னா 1904-ல் வெளியே வந்தார். 1905-ல் மீண்டும் கேன் ஹில். பிள்ளைகள் கையில் காசு சேர்ந்த பிறகு 1912-ல் பெக்கம் ஹவுஸ் என்ற தனியார் இல்லத்துக்கு மாற்றப்பட்டார். 1921-ல் மகன்கள் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டார்கள்; கடலோரத்தில் வீடும் உடன் ஆளுமாக வாழ்ந்து 1928-ல் இறந்தார். ஹன்னாவின் தாயும் ஒரு காப்பகத்தில் இருந்தவர். இவற்றை ஏடுகளிலிருந்து தேடி எடுத்து 1985-ல் வெளிவந்த சாப்ளினின் வாழ்க்கை வரலாற்றில் சேர்த்தவர் டேவிட் ராபின்சன். சாப்ளின் தன் சுயசரிதையில் தாயின் நோய்க்குப் பட்டினியே காரணம் என்று மருத்துவர் சொன்னதாக எழுதியிருக்கிறார். காப்பக ஏடு நோயின் அறிகுறிகளைச் சொல்கிறது. மகனின் நினைவு வயிற்றின் வெறுமையைச் சொல்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை அறிந்துவிட முடியாது.

குறிப்பேட்டின் பக்கங்கள்

ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் காகிதம் சரியாக இருக்க வேண்டும். ஏழை நோயாளிக்கு ஒரு மருத்துவரின் சான்றும் மாஜிஸ்திரேட்டின் உத்தரவும் தேவை. பணம் கட்டிச் சேர்பவருக்கு உறவினரின் மனுவும் இரண்டு மருத்துவர்களின் சான்றும் தேவை. 1890-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நீதித்துறை அதிகாரியின் உத்தரவும் சேர்ந்தது. அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 1878-ல் ஜார்ஜினா வெல்டன் என்ற பாடகியை அவருடைய கணவர் காப்பகத்தில் அடைக்க ஏற்பாடு செய்தார். ஜார்ஜினா தப்பி ஓடி ஒளிந்து, பிறகு வழக்கு மேல் வழக்காகத் தொடுத்து ஊரையே பேசவைத்தார். வேண்டாத மனைவியைப் பைத்தியம் என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள் என்ற கதைகள் இன்றும் பல குடும்பங்களில் உலவுவதற்கு இப்படிப்பட்ட வழக்குகள் ஒரு காரணம். ஆனால் கவுண்டிக் காப்பகங்களின் சேர்க்கையில் ஆண், பெண் எண்ணிக்கைக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. பெரும்பாலான குடும்பங்கள் மாதக்கணக்கில், சில வருடக்கணக்கில் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி முடியாது என்ற கட்டத்தில்தான் படியேறின. சான்றிதழின் வரிகளைப் படித்தால் அது தெரியும்: கத்தியை ஒளித்துவைத்தது, இரவெல்லாம் மாறி மாறிக் காவல் இருந்தது, கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டது.

சான்றிதழில் இரண்டு பகுதிகள் உண்டு. மருத்துவர் தன் கண்ணால் கண்டது ஒன்று. பிறர் சொல்லித் தெரிந்தது மற்றொன்று. இரண்டாவதில் மனைவி, தாய், பக்கத்து வீட்டுக்காரர், விடுதிக் காவலர் என்று குரல்கள் கேட்கும். நோயாளி சொன்ன வார்த்தைகளும் சில சமயம் அப்படியே எழுதப்பட்டிருக்கும். பேசிய பேச்சு காகிதத்தில் ஏறாத ஏழை மக்களுக்கு, அவர்களுடைய வார்த்தை பிழைத்திருக்கும் ஒரே இடம் சில நேரம் இதுதான்.

உள்ளே சேர்ந்த பிறகு நோயாளர் குறிப்பேடு தொடங்கும். முதல் பக்கத்தில் உயரம், எடை, கண்ணின் நிறம், நாடி, உடம்பில் உள்ள காயங்கள். முதல் மாதம் வாராவாரம், பிறகு மாதம் ஒருமுறை, நாள்பட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதுவார்கள். நாள்பட்ட நோயாளியின் பக்கங்களைப் படிப்பது சங்கடமான அனுபவம். 'மாற்றமில்லை. சலவைக்கூடத்தில் நன்றாக வேலை செய்கிறாள்.' அடுத்த காலாண்டு: 'மாற்றமில்லை.' அதற்கடுத்தது: 'அப்படியே.' இப்படி இருபது வருடம் போய், திடீரென்று கையெழுத்து மாறும், இருமல் என்று ஒரு வரி வரும், எடை குறையும், சாவுத் தேதி வரும். காசநோய் இந்த நெரிசலான கூடங்களில் பெரிய எமன். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டான 1918-ல் உணவுப் பற்றாக்குறையும் நெரிசலும் தொற்றும் சேர்ந்து, இங்கிலாந்தின் காப்பகங்களில் இருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரைக் கொண்டுபோயின.

புகைப்படம் கிடைத்தால் அது பெரும் பேறு. சர்ரே காப்பகத்தின் ஹியூ டயமண்ட் என்ற மருத்துவர் 1850-களிலேயே நோயாளிகளைப் படமெடுத்தார். வேக்ஃபீல்டின் கண்காணிப்பாளர் ஜேம்ஸ் கிரைட்டன்-பிரவுன், உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி எழுதிக்கொண்டிருந்த டார்வினுக்கே தன் நோயாளிகளின் படங்களை அனுப்பினார். நூற்றாண்டின் இறுதியில் பல காப்பகங்களில் சேரும்போது ஒரு படம் எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டுவது வழக்கமாயிற்று. படமெடுத்துக்கொள்ளக் காசில்லாத ஏழைக் குடும்பத்தில், அந்த மனிதரின் முகம் இருக்கும் ஒரே இடம் காப்பகத்தின் ஏடாகவே இருக்கலாம். ஆனால் அது அவருடைய வாழ்நாளின் மிக மோசமான ஒரு நாளில் எடுத்த படம் என்பதைப் பார்ப்பவர் மறக்கக் கூடாது.

பழைய பெயர், பழைய அர்த்தம்

மேனியா, மெலன்கோலியா, டிமென்ஷியா என்று எழுதியிருப்பதை இன்றைய அர்த்தத்தில் படித்தால் தப்பு நேரும். அன்றைய டிமென்ஷியா முதுமை மறதி மட்டுமில்லை. அறிவு மங்கிய எந்த நிலைக்கும், இளைஞருக்கும்கூட அதே பெயர். மேனியா என்பது கட்டுக்கடங்காத எந்தக் கிளர்ச்சிக்கும் பொதுப்பெயர். வலிப்பு நோய்க்காரர்கள் பெரிய எண்ணிக்கையில் உள்ளே இருந்தார்கள். இன்று அவர்களில் பலர் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்கள். பிரசவத்துக்குப் பின் வந்த பித்து என்று குறிக்கப்பட்ட பெண்களில் கணிசமானோர் சில மாதங்களில் தேறி வீடு திரும்பினார்கள்.

'ஜெனரல் பாராலிசிஸ்' என்ற சொல்லைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நடுத்தர வயது ஆண்களிடம் அதிகம் காணப்பட்ட இந்த நோயில் முதலில் தான் கோடீஸ்வரன், தான் ராஜா என்ற பெருமிதம் வரும். பிறகு நாக்கு குழறும், கை கால் விழும், சில ஆண்டுகளில் சாவு. இது மேகநோயின் கடைசிக் கட்டம் என்பது 1913-ல் நோகுச்சி என்ற ஆராய்ச்சியாளர் அந்தக் கிருமியை மூளையில் கண்டுபிடித்தபோது உறுதியாயிற்று. 1917-ல் வியன்னாவின் வாக்னர்-யாவ்ரெக் என்ற மருத்துவர் மலேரியாக் காய்ச்சலை வேண்டுமென்றே வரவழைத்து இதற்கு வைத்தியம் செய்யத் தொடங்கினார். அதற்காக 1927-ல் நோபல் பரிசும் பெற்றார். ஒரு முன்னோரின் பக்கத்தில் இந்தச் சொல் இருந்தால், அவர் மனைவிக்கு அடுத்தடுத்துக் கரு கலைந்ததும் குழந்தைகள் தங்காமல் போனதும் ஏன் என்ற கேள்விக்கும் அங்கே விடை இருக்கலாம்.

நோயின் காரணம் என்ற கட்டத்தில் இருப்பவை நோயாளியைவிட எழுதியவரையே அதிகம் காட்டும். மது, மத வெறி, காதல் தோல்வி, தொழிலில் நட்டம், வேலைப் பளு, சூரிய வெப்பம். கவிஞர் ஜான் கிளேர் 1841-ல் நார்தாம்ப்டன் காப்பகத்தில் சேர்க்கப்பட்டபோது, பல வருடம் கவிதை எழுதும் பழக்கத்துக்கு அடிமையாகி இருந்தது நோய்க்கு முன்னோடி என்கிற பாணியில் மருத்துவர் குறித்தார். 1864-ல் சாகும்வரை கிளேர் அங்கேயே இருந்தார். அங்கேயும் கவிதை எழுதினார். இந்தக் கட்டத்தில் இருப்பதை உண்மை என்று எடுத்துக்கொள்வதும், அதற்குப் பதிலாக இன்றைய நோய்ப்பெயர் ஒன்றை முன்னோரின் தலையில் ஒட்டுவதும் ஒரே தவறுதான். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய இரண்டு வரியை வைத்து யாராலும் நோய் கணிக்க முடியாது.

புதைகுழியும் பூட்டிய ஏடும்

காப்பகத்துக்குப் போனவர் திரும்பவே இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பதிவேடுகள் அப்படிச் சொல்லவில்லை. சேர்ந்தவர்களில் பெரிய பங்கினர் ஓராண்டுக்குள் வெளியே வந்தார்கள். அதனால் ஒருவரின் பெயர் 1872-ல் ஒரு காப்பகத்தில் கிடைத்தால், அத்துடன் கதை முடிந்தது என்று விட்டுவிடாமல் அடுத்த கணக்கெடுப்பிலும் தேட வேண்டும்.

உள்ளேயே இறந்து, உடலை வாங்க ஆள் வராதவர்கள் காப்பகத்தின் சொந்த இடுகாட்டில் புதைக்கப்பட்டார்கள். பெயர்க் கல் கிடையாது. இரும்பில் வார்த்த ஓர் எண் மட்டும். சர்ரேயின் எப்சம் ஊரில் ஐந்து பெரிய காப்பகங்கள் அடுத்தடுத்து இருந்தன. அவற்றுக்குப் பொதுவான ஹார்ட்டன் இடுகாட்டில் 1899 முதல் 1955 வரை ஏறக்குறைய 9,000 பேர் புதைக்கப்பட்டார்கள். 1983-ல் அந்த நிலம் தனியாருக்கு விற்கப்பட்டது. இன்று தொண்டர்கள் ஏடுகளைத் தேடி, புதைந்தவர்களின் வாழ்க்கையை ஒவ்வொன்றாக எழுதிவருகிறார்கள். அமெரிக்காவிலும் இதே நிலைதான். நியூயார்க் மாநிலத்தின் வில்லர்ட் மருத்துவமனை 1995-ல் மூடப்பட்டபோது மச்சில் நோயாளிகளின் 400-க்கும் மேற்பட்ட பெட்டிகள் கிடைத்தன. ஆரிகன் மாநில மருத்துவமனையில் உரிமை கோரப்படாத சுமார் 3,500 பேரின் சாம்பல் செப்புக் குவளைகளில் இருந்தது; பெயர்ப் பட்டியல் வெளியான பிறகு சந்ததியினர் வந்து வாங்கிப்போகிறார்கள்.

எல்லா ஏட்டையும் உடனே பார்த்துவிட முடியாது. பிரிட்டனில் நோயாளர் ஆவணங்களுக்கு வழக்கமாக 100 வருடப் பூட்டு. ஒரு தொகுதியின் கடைசிப் பதிவிலிருந்து அந்த 100 வருடத்தைக் கணக்கிடும் இடங்கள் உண்டு. அங்கே 1905-ல் இறந்தவரின் பக்கம் இருந்தாலும், அதே தொகுதியில் 1930 வரை எழுதியிருந்தால் 2031 வரை காத்திருக்க வேண்டும். நேர்வாரிசு என்பதற்கான சான்றுகளோடும் அவருடைய சாவுப் பதிவின் நகலோடும் எழுதிக் கேட்டால், அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துத் தருவதுண்டு. அமெரிக்காவில் மத்தியச் சட்டப்படி இறந்து 50 வருடம் ஆனால் பாதுகாப்பு நீங்குகிறது. ஆனால் மாநிலங்கள் அதைவிடக் கடுமையான விதி வைத்திருக்கலாம். இந்தப் பூட்டுகளைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு மனிதர் தன் மிகப் பலவீனமான நேரத்தில் மருத்துவரிடம் சொன்னது அது. பெரிய இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது: 20-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காப்பகங்கள் மூடப்பட்டபோது, கட்டடத்தைக் காலி செய்த அவசரத்தில் ஏராளமான ஏடுகள் குப்பைக்குப் போயின.

கடல் கடந்த சுவடுகள்

குற்றம் செய்த மனநோயாளிகளுக்கென்று 1863-ல் பெர்க்ஷயரில் பிராட்மூர் திறக்கப்பட்டது. அதன் பழைய கோப்புகள் ரெடிங் நகரில் கவுண்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே 1872 முதல் 1910 வரை இருந்தவர் வில்லியம் மைனர். இலங்கையில் பிறந்தவர், தந்தை யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் அச்சுப்பணியைப் பார்த்தவர். அமெரிக்க ராணுவ மருத்துவராக இருந்து, மனம் பிறழ்ந்து, லண்டனில் ஒரு தொழிலாளியைச் சுட்டுக் கொன்றவர். காப்பக அறையில் இருந்துகொண்டே ஆக்ஸ்போர்டு அகராதிக்கு ஆயிரக்கணக்கான மேற்கோள்களை எழுதி அனுப்பினார்.

சென்னை, கல்கத்தா, பம்பாயில் மனம் பிறழ்ந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியச் சிப்பாய்களும் அதிகாரிகளும் 1818 முதல் லண்டனின் பெம்ப்ரோக் ஹவுஸுக்கு அனுப்பப்பட்டார்கள். 1870-ல் அது ஈலிங்குக்கு மாறி, 1892-ல் மூடப்பட்டது. அந்த ஏடுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களோடு இருக்கின்றன. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் தேடலுக்கு இது முக்கியமான இடம்.

தமிழர்களுக்கு வழி இவ்வளவு சுலபமில்லை. சென்னையில் 1794-ல் சர்ஜன் வாலன்டைன் கானலி ஒரு காப்பகம் தொடங்கினார். 1871-ல் அரசின் காப்பகம் இப்போதுள்ள கீழ்ப்பாக்கம் வளாகத்தில் திறக்கப்பட்டது. 1922-ல் மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறியது. சென்னை மாகாணக் காப்பகங்களின் ஆண்டறிக்கைகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றில் தொழில், மதம், வயது, நோய், கஞ்சா முதலான காரணங்கள் எல்லாம் எண்ணிக்கையாக இருக்கும். ஆளின் பெயர் இருக்காது. லண்டனில் இருந்ததுபோல் எல்லாக் காப்பகங்களுக்கும் பொதுவான பெயர்ப் பேரேடு இங்கே உருவாகவில்லை. பெயரோடு ஒருவர் தெரியவரும் இடம் பெரும்பாலும் நீதித்துறைக் கோப்புகள்தான். மனம் பிறழ்ந்த நிலையில் குற்றம் செய்தவர்களின் வழக்கை நீதிமன்றம் மாகாண அரசுக்கு அனுப்பி ஆணை பெற வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொன்னது. அந்த அரசாணைகளைத் தேட வேண்டிய இடம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். மருத்துவமனையில் இருக்கும் நோயாளர் விவரங்கள் 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி ரகசியம். எழுத்துமூலம் விண்ணப்பித்து, வாரிசு என்று நிரூபித்தால்தான் பேச்சே தொடங்கும்.

ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்த தமிழர்களின் சுவடு, ஊரிலேயே இருந்தவர்களின் சுவட்டைவிடத் தெளிவாக இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன 1,52,184 இந்தியர்களுக்கும் கப்பல் பட்டியலில் எண் உண்டு. தந்தை பெயர், சாதி, கிராமம், தாலுகா, ஜில்லா வரை அதில் எழுதினார்கள். பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் 1880-ல் திறந்த நேட்டால் அரசுக் காப்பகத்தில் இந்தியர்களும் அடைக்கப்பட்டார்கள். பெயரை வெள்ளைக்கார எழுத்தர் எப்படிச் சிதைத்து எழுதியிருந்தாலும், அந்தக் கூலி எண் கோப்பில் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வட ஆற்காட்டிலோ சேலத்திலோ ஒரு கிராமம்வரை வந்துவிடலாம்.

தமிழ்நாட்டில் அப்படி ஓர் எண்ணும் இல்லாதவர்களுக்கு, வீட்டுப் பெரியவர்களின் நினைவுதான் முதல் பேரேடு. 'கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிப்போனார்கள், பிறகு தெரியாது' என்று முணுமுணுக்கிற ஒரு பாட்டியோ பெரியப்பாவோ பல வீடுகளில் இன்னும் இருக்கிறார். போனவரின் முழுப்பெயர், தந்தை பெயர், ஏறத்தாழ எந்த வருடம், எந்த ஊரிலிருந்து, கூட்டிப்போனவர் யார், போலீஸ் வந்ததா, மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனார்களா என்ற கேள்விகளை அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆவணக் காப்பகத்தின் விண்ணப்பப் படிவம் கேட்பதும் இவற்றைத்தான்.